கிலுக்கங்கரைச் சூல்கல்

தார் ரோடும் கரண்டுக் கம்பியும் வராத காலம். அரியலூருக்குப் போகணும்னா காலைத்தான் நம்பணும். அந்தக் காலத்துல ஆலம்பள்ளம்னு ஒரு ஊர் இருந்துச்சாம். ரொம்ப நல்ல ஊருன்னு பொய் சொல்ல வேணாம். மேற்கே ஒரு ஏரி, கிழக்கே ஓடைக்காடு, நடுவுல தண்ணிக்காக ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைச்சுக்கிற ஜனங்க. அவ்வளவுதான் ஊர்.

ஓடைக்காடுன்னா காடு இல்ல. அங்க மரமே கிடையாது. மழை கீறிக் கீறிப் போட்ட வெறும் மண்ணு. மஞ்ச மண்ணு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி, செகப்பு ஒரு வரி. நடந்தா காலடியில கல்லாப் போன நத்தை நொறுங்கும், கல்லாப் போன சிப்பி நொறுங்கும். கடலே இல்லாத ஊருக்குச் சிப்பி எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாததால யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்களாம். அதுவும் உச்சிவெயில்ல போகவே மாட்டாங்களாம். அந்த நேரத்துல அங்க காக்கா கத்தாதாம், காத்து அசையாதாம். ஆனா யாரோ கூப்பிடுற சத்தம் மட்டும் கேக்குமாம்.

தினம் அங்க போய் வந்தவ ஒருத்திதான். அவ பேரு பிச்சாயி.

பிச்சாயி புருஷன் மருதையான் இரும்பு உருக்குறவன். ஊர் எல்லையில மண்ணால உலை கட்டி, தோல் துருத்தி வச்சு ஊதி, கல்லை உருக்கி இரும்பு எடுப்பானாம். ஊர்க்காரங்களுக்கு அவன் செய்யிற ஏர்க்கொழு வேணும், அரிவாள் வேணும். அவன் மட்டும் ஊருக்குள்ள வரக் கூடாது. அப்படி ஒரு ஊர். மருதையானுக்கு ஊதத் தெரியும், அடிக்கத் தெரியும். எந்தக் கல்லுல இரும்பு இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரியாது. அது பிச்சாயி வேலை.

மழை விட்டதும் கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாளாம். மேல்மண்ணு கரைஞ்சு போயி, கல்லெல்லாம் உருண்டை உருண்டையாத் தலை நீட்டிக்கிட்டு இருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான். ஒண்ணைத் தூக்கிப் பார்ப்பாளாம். அதோட அளவுக்கு மீறிக் கனக்கணும். கனக்கலைன்னா வீசிடுவா. கனத்தா உரசிப் பார்ப்பாளாம். அதுக்குன்னே சொரசொரப்பா ஒரு வெங்கச்சாங்கல் துண்டு, பால் மாதிரி வெள்ளையா, இடுப்புல சொருகி வச்சிருப்பா. கல்லோட தோல் கறுப்பா இருக்கும், பழுப்பா இருக்கும், மினுமினுன்னு இருக்கும். தோலை நம்பக் கூடாது. உரசினா விழுற கோடுதான் உண்மை பேசும். வெள்ளைத் தூள் உதிர்ந்தா சுக்கான், சுண்ணாம்புக்குத்தான் ஆகும். மஞ்சக் கோடு விழுந்தா இரும்பு. ரத்தம் மாதிரி செகப்புக் கோடு விழுந்தா நல்ல இரும்பு. அதுக்கப்புறமும் ஒண்ணு பாக்கி. காதுல வச்சு ஆட்டிப் பார்ப்பாளாம்.

காதுல எதுக்குன்னா, சில இரும்புக் கல்லு வெங்காயம் மாதிரி தோல் தோலா இருக்கும். உள்ள கூடு. கூட்டுக்குள்ள ஒரு உருண்டை தனியாக் கழண்டு கிடக்கும். ஆட்டினா கிலுக், கிலுக்னு புரளும். கல்லுக்குள்ள கல்லு. அதுக்குப் பேரு சூல்கல். மாசமா இருக்கிற கல்லு. அதை உலையில போட்டா வெடிச்சு உலையே ரெண்டாப் போயிடும். அதனால சூல்கல் கிடைச்சா எடுத்த குழியிலயே வச்சிட்டு வந்துடுவாளாம். வைக்கிறப்போ மெதுவா வைப்பாளாம். ஏன்னு அவளைக் கேக்கிறவங்க யாரும் இல்ல.

தூக்கிப் பார்ப்பா, உரசிப் பார்ப்பா, காதுல வச்சுப் பார்ப்பா. அதுதான் அவ பொழப்பு.

பிச்சாயிக்குப் பிள்ளை பிறக்கலை. அதனால மருதையான் ரெண்டாந்தாரமா பூவாயின்னு ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வந்தான். பூவாயி சின்னப் பொண்ணு. வாய் ஜாஸ்தி. வந்த வருஷமே முழுகாம இருந்தா. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

"அக்கா, கல்லு தூக்கின கையால என் சட்டியைத் தொடாத. மண்ணு வாடை அடிக்குது" என்பாளாம் பூவாயி.

"மண்ணு வாடைதாண்டி உனக்குச் சோறு போடுது. மூக்கைப் பொத்திக்கிட்டுத் தின்னு" என்பாளாம் பிச்சாயி.

தினம் இதே பாட்டுதான். இதுக்கு நடுவுல மருதையான் வாயே திறக்க மாட்டான்.

சரி, ஏரிக்கு வரணும். அந்த ஏரிக்கரை வருஷா வருஷம் உடையுமாம். எப்பவும் ஒரே இடத்துல. மண்ணைக் கொட்டுவாங்க, பாறையைக் கொட்டுவாங்க, ஆளு வச்சு மிதிப்பாங்க. ஐப்பசி மழை வந்தா ஒரே புடுங்காப் புடுங்கிட்டுப் போயிடும். அந்த வருஷம் வயல் போச்சு, ஆடு மாடு போச்சு, கரைக்குக் கீழ குடிசை போட்டிருந்த ஒரு குடும்பமே போச்சு. அடுத்த மழை எப்ப வேணா வரும். ஊர் நடுங்கிப் போச்சு.

ஊருக்குப் பெரிய தலை வையாபுரி நாட்டார். அவர் கோடாங்கியைக் கூட்டிட்டு வந்தார். கோடாங்கி உடைஞ்ச இடத்துல நின்னு உடுக்கை அடிச்சான். அடிச்சான் அடிச்சான், கண்ணு மேல போயிடுச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கத்தினானாம்.

"சூல் கேக்குதுடா! கரை சூல் கேக்குது! தலைச்சூல் கேக்குது! நாளைக்கு உச்சிக்குக் குடுக்கலைன்னா ஊரையே எடுத்துக்கும்!"

கத்திட்டு மரம் சாயிற மாதிரி சாய்ஞ்சிட்டான். தண்ணி தெளிச்சு எழுப்பினா, "நான் என்ன சொன்னேன்?"னு கேக்குறான். அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஊர்ல அப்போ தலைச்சூல்காரி, அதாவது முதல் பிள்ளை சுமக்கிறவ, ஒருத்திதான் இருந்தா. பூவாயி. ஊருக்குள்ள இருக்கிறவன் பொண்டாட்டியா இருந்திருந்தா அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் தேடியிருப்பாங்க. எல்லையில இருக்கிறவன் பொண்டாட்டி. அதனால தேடலை.

நாட்டார் கோடாங்கியையும் நாலு ஆளையும் கூட்டிக்கிட்டு உலைக்கு வந்தார்.

"மருதையா, ஊரு பொழைக்கணும். உன் சின்னவளை நாளைக்குக் கரைக்கு அனுப்பு."

மருதையான் துருத்தியைப் பிடிச்சபடி நின்னான். "ஊரே சொன்னா நான் என்னங்க பண்றது?"ன்னானாம். அவ்வளவுதான் அவன் சொன்னது. பூவாயி கத்திக்கிட்டு ஓடி வந்து வாசல்ல விழுந்தா.

நாட்டார் பிச்சாயி பக்கம் திரும்பி, "உனக்கென்ன, சக்களத்தி தொல்லை விட்டுதுன்னு இரு" அப்படின்னு சொல்லிச் சிரிச்சாராம்.

பிச்சாயி சிரிக்கலை.

"நாட்டாரே, சாமி என்ன கேட்டுச்சு?"

"சூல்."

"மனுஷச் சூல்னு சொல்லுச்சா?"

"வேற எந்தச் சூலைடி சொல்லும்?"

"ஓடைக்காட்டுல சூல்கல் இருக்கு. உள்ள பிள்ளை புரளும். உரசினா ரத்தம் வரும். அதுவும் சூல்தான்."

கூட வந்தவங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. நாட்டார் கெட்டிக்காரர். விடலை.

"சாமி தலைச்சூல் கேட்டுச்சு. உன் கல்லுக்கு அது முதல் பிள்ளைன்னு எப்படிடி சொல்லுவ?"

"கல்லு ஒரு தடவைதான் சூல் கொள்ளும். பெத்தா உடைஞ்சு செத்துடும். எல்லாக் கல்லும் தலைச்சூல்காரிதான்."

நாட்டார் கோடாங்கியைப் பார்த்தார். கோடாங்கி தரையைப் பார்த்தான். கடைசியா நாட்டார் சொன்னாராம்: "கொண்டா பார்ப்போம். நான் தூக்கிப் பார்ப்பேன், உரசிப் பார்ப்பேன், காதுல வச்சுப் பார்ப்பேன். ஏமாத்தினா, ரெண்டு பேரையும் சேர்த்துப் புதைப்பேன். உச்சி தாண்டினா இவளை மட்டும்."

விடியறப்போ பிச்சாயி கிளம்பினா. நாட்டார் ஆளுங்க வாசல்ல கட்டிப் போட்டிருந்த பூவாயி அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, என்னை விட்டுட்டு எங்கயாவது ஓடிட மாட்டியே?"

"ஓடறவளா இருந்தா நீ வந்து இறங்கின அன்னிக்கே ஓடியிருப்பேண்டி. விடு சேலையை."

ஓடைக்காட்டுக்குப் போனா. வேணாம்னு வச்சிட்டு வந்த சூல்கல்லு எத்தனையோ உண்டே, எடுத்துக்கிட்டா போச்சுன்னு நினைச்சு, வச்ச குழியெல்லாம் பார்த்தா. எல்லாக் குழியும் காலி. மழை அடிச்சுட்டுப் போயிருக்கலாம். ஆனா குழிக்குள்ள கல்லு இருந்த அச்சு அப்படியே இருந்துச்சாம், இப்பதான் யாரோ எழுந்து போன படுக்கை மாதிரி.

ஆனாலும் தேட ஆரம்பிச்சா.

தூக்கிப் பார்த்தாளாம், லேசா இருந்துச்சு. பழைய உலைக்கசடு, பொத்தல் பொத்தலா. வீசினா. தூக்கிப் பார்த்தாளாம், கனத்துச்சு. உரசிப் பார்த்தாளாம், கோடே விழலை. தோல் மட்டும் கறுத்த வெறுங்கல்லு. வீசினா. தூக்கிப் பார்த்தாளாம், உரசிப் பார்த்தாளாம், மஞ்சக் கோடு. காதுல வச்சுப் பார்த்தாளாம், சத்தமே இல்ல. உள்ள கெட்டி. வீசினா.

வெயில் ஏறுது. ஒண்ணு அகப்பட்டுச்சு. ஆட்டினா கிலுக் கிலுக்குன்னு சத்தம். எடுத்துக்கிட்டு ஓடினா. ஓடிக்கிட்டே கை என்னமோ லேசா இருக்கேன்னு நின்னு உரசினா, வெள்ளைத் தூள். சுக்கான் கல்லு. உள்ள காஞ்ச மண்ணுக்கட்டி. அதைக் கரையில வச்சா உள்ள இருக்கிற மண்ணு ஒரே மழையில கரைஞ்சிடும். நாட்டார் உரசினதுமே தெரிஞ்சிடும். அதையும் வீசிட்டுத் திரும்பினா.

வெயில் நேர் மேல வந்துச்சு. அவ நிழலு அவ காலுக்குள்ள போயிடுச்சு. ஓடைக்காடு முழுக்கச் சத்தம் அடங்கிப் போச்சு. தன் மூச்சே தனக்குக் கேக்கலையாம்.

அப்போதான் கேட்டுச்சாம். கிலுக்.

அவ எதையும் ஆட்டலை. கையில ஒண்ணுமே இல்ல.

கிலுக், கிலுக்.

செகப்பு வரி ஓடுற சரிவுல, பாதி மண்ணுக்குள்ள, பிள்ளைத் தலை அளவுக்கு ஒரு கல்லு. கருப்பட்டி நிறம். தோல் தோலா. போயித் தூக்கினா, கை இறங்கிப் போச்சு, அவ்வளவு கனம். வெங்கச்சாங்கல்லுல உரசினா. செகப்புன்னா செகப்பு, அப்பதான் அறுத்த மாதிரி. காதுல வச்சா.

உள்ள உருண்டை புரண்டுச்சு. அவ ஆட்டாமலே புரண்டுச்சு. நிறுத்தி நிறுத்தி, எத்திப் பார்க்கிற கால் மாதிரி. கல்லு வெயில்ல கிடந்த சூடு இல்ல அது. உடம்புச் சூடு.

அப்புறம் அதுக்குள்ள இருந்து ஒரு குரல், ரொம்பச் சின்னதா.

"ஆத்தா."

பிச்சாயியை அந்தச் சொல்லால யாரும் கூப்பிட்டது கிடையாது. அவ அப்படியே உட்கார்ந்துட்டா. கல்லை மடியில போட்டுக்கிட்டா. முந்தானையால மூடினா. மார் கனத்துச்சாம். குனிஞ்சு பார்த்தா சேலை நனைஞ்சிருந்துச்சாம்.

நிஜத்தைச் சொல்லணும். அவ உடனே எழுந்து ஓடலை. உட்கார்ந்தே இருந்தா. மேற்கே உடுக்கைச் சத்தம் ஆரம்பிச்சது அவளுக்குக் கேட்டுச்சு. கேட்டும் உட்கார்ந்திருந்தா. இன்னும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தா போதும். பூவாயி போயிடுவா. வாய் போயிடும், சட்டிச் சண்டை போயிடும். மடியில பிள்ளை இருக்கும். கல்லு கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா யாரு கேக்கப் போறா? அவ மனசுல இதெல்லாம் ஓடுச்சு. ஓடலைன்னு சொல்றவங்க கதையை அழகு பண்றாங்க.

"ஆத்தா"ன்னு திரும்பவும் கூப்பிட்டுச்சு கல்லு.

"இருக்கேன் சாமி"ன்னா.

அந்த நேரத்துல இன்னொரு குரல் வந்துச்சாம். ஏரிக்கரை எங்க இருக்கு, ஓடைக்காடு எங்க இருக்கு, நடுவுல ஒரு ஊரே கிடக்கு. அங்க கத்தினா இங்க கேக்க வழியே இல்ல. ஆனா கேட்டுச்சாம்.

"அக்கா!"

பெத்தவளைக் கூப்பிடலை. புருஷனைக் கூப்பிடலை. சாமியைக் கூப்பிடலை. சட்டியைத் தொடாதேன்னு சொன்னவ, அக்கான்னு கூப்பிட்டா.

இந்தப் பக்கம் ஆத்தா. அந்தப் பக்கம் அக்கா. பிச்சாயி நடுவுல.

எழுந்தா. கல்லை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடினா. ஒவ்வொரு வரப்பு தாண்டவும் கல்லு இன்னும் கனத்துச்சாம். தூங்கிப் போன பிள்ளை கனக்குமே, அப்படி. ஊரைக் கடக்கிறப்போ அது அழ ஆரம்பிச்சுச்சாம். பார்த்தவங்க யாரும் குழந்தைச் சத்தம் எங்கேர்ந்துன்னு கேக்கலை. கதவைச் சாத்திக்கிட்டாங்க.

கரையில குழி வெட்டி வச்சிருந்தாங்க. பூவாயி உள்ள நின்னா, மஞ்சத் தண்ணி ஊத்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு. சுத்தி மண்ணுக் கூடையோட ஆளுங்க. முழங்கால் வரைக்கும் மண்ணு விழுந்திருந்துச்சு. மருதையான் அந்தக் கூட்டத்துல ஒரு கூடையோட நின்னான். அதையும் சொல்லிடணும்.

"நிறுத்துங்கடா!"ன்னு கத்திக்கிட்டு வந்து விழுந்தா பிச்சாயி.

நாட்டார் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். அசையாம நின்ன மாதிரி இன்னும் தலைக்கு மேலதான் இருந்துச்சாம். "குடு இங்க"ன்னு வாங்கினார். தூக்கிப் பார்த்தார். தோள் சரிஞ்சு போச்சு. உரசிப் பார்த்தார். அவர் விரலெல்லாம் செகப்பு. காதுல வச்சுப் பார்த்தார்.

கல்லை அவ கையில திணிச்சிட்டு ரெண்டடி பின்னால போயிட்டார்.

"என்னங்க கேட்டுச்சு?"ன்னு ஆளுங்க கேட்டாங்க.

"அந்தப் பொண்ணைத் தூக்கி வெளியில விடுங்கடா" அப்படின்னு மட்டும் சொன்னாராம். என்ன கேட்டுச்சுங்கிறதை அவர் சாகிற வரைக்கும் சொல்லலை.

பூவாயியை வெளியே இழுத்தாங்க. பிச்சாயி தானே குழிக்குள்ள இறங்கினா. கல்லைக் கீழ வச்சா. கையை எடுக்க முடியலை. கல்லு விரலைப் பிடிச்சிருந்துச்சுன்னு சொல்றாங்க. குனிஞ்சு, அதுகிட்ட ஏதோ மெதுவாப் பேசினா. பேசப் பேசப் பிடி விட்டுச்சாம். அவ மேல ஏறினதும் மண்ணு போட்டாங்க. மண்ணுக்குள்ள இருந்து கிலுக், கிலுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூடைக்காரங்க பாதியில போட்டுட்டு ஓடிட்டாங்க. மிச்ச மண்ணைப் பிச்சாயிதான் தள்ளினா. தள்ளி முடிச்சு, கவிழ்ந்து படுத்து, மண்ணைத் தட்டிக்கிட்டே இருந்தா. பொழுது சாயிறப்போதான் சத்தம் அடங்குச்சு. தூங்கிடுச்சு.

அந்த ஐப்பசி முடியறதுக்குள்ள வானமே பொத்துக்கிட்டு ஊத்துச்சாம். ஏரி தளும்பிச்சு. கரை அசையலை.

பூவாயிக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. "அக்கா, தூக்கிக்கோ, இது நீ குடுத்த உசிரு"ன்னு நீட்டினா. பிச்சாயி வாங்கலை. "என்னோடது அங்க தனியாக் கிடக்கு. இதை நான் தூக்கினா அதுக்குத் தெரியும்"னாளாம். அதுக்கப்புறம் ஓடைக்காட்டுக்கும் அவ போகலை. உச்சி ஆனா கரைக்குப் போவா. உட்காருவா. மண்ணைத் தட்டுவா. ஊர்க்காரங்க, "ஒரு கல்லைக் குடுத்து ஊரையே காப்பாத்திட்டியே தாயி"ன்னு புகழ்ந்தா, "கல்லுன்னு யாரு சொன்னா?"ன்னு கேப்பாளாம். அதைக் காதுல வாங்கினவங்க அப்புறம் அந்த வழியா வர மாட்டாங்க.

அவ செத்தப்போ யாரோ ஒருத்தன், "பிள்ளை இல்லாதவ, யாரு கொள்ளி வைக்கிறது?"ன்னு கேட்டான். பூவாயி அப்போ கிழவி. பாய்ஞ்சு அவன் கன்னத்துல ஒண்ணு விட்டாளாம்.

"யாருடா பிள்ளை இல்லாதவ? அவ பிள்ளை கரையில இருக்குடா! தூக்குங்கடா பாடையை, அதுகிட்ட காட்டிட்டுப் போவலாம்!"

பாடையைக் கரைமேல இறக்கி வச்சாங்க. மண்ணுக்கு அடியில ஒரே ஒரு தடவை கேட்டுச்சாம். கிலுக்.

அன்னையிலேர்ந்து ஆலம்பள்ளம் போயி, கிலுக்கங்கரைன்னு ஊருக்குப் பேராச்சு. இன்னிக்கும் அந்த ஊர்ல மலடிங்கிற சொல்லே கிடையாது. பெண் எடுக்க வர்ற வெளியூர்க்காரங்க, "இந்தம்மாவுக்குப் பிள்ளைங்க?"ன்னு கேட்டா, "கரையில இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவாங்க. பிள்ளை இல்லாத பொம்பளை யாரு செத்தாலும் பாடை கரைமேல இறங்கிட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போகும்.

கோடையில ஏரி வத்தினா உச்சிவேளையில அந்தச் சத்தம் கேக்குமாம். ஆடு மேய்க்கிறவங்க கேட்டிருக்காங்க. முந்தி எல்லாம் சின்னதா, கூழாங்கல் புரளுற மாதிரி கேக்குமாம். இப்பல்லாம் அப்படி இல்லையாம். கனமா, நிதானமா, கரையே லேசா அதிர்ற மாதிரி கேக்குதாம்.

எத்தனை காலம் ஆச்சு. வளர்ந்திருக்கும்ல.